குக் டவுன் பங்களாவில் வாங்கிய மலைக்காட்சி: வெங்கடப்பாவா? விலை என்ன?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். பெங்களூர் குக் டவுனில் பில்டர் கைக்குப் போகவிருக்கும் ஒரு பழைய பங்களாவைக் காலிசெய்கிறார்கள். அந்தச் சாமான் விற்பனையில் கண்ணாடி போட்ட மலைக்காட்சி ஒன்றை 7,500 ரூபாய்க்கு வாங்கினீர்கள். 18-க்கு 12 அங்குலம். வலது கீழ்மூலையில் ஆங்கிலத்தில் ‘கே.வி.’ என்று ஆரம்பித்து, அதற்குப் பிறகு ஈரக்கறையில் மங்கிப்போன கையெழுத்து, பக்கத்தில் ‘34’. பின்பக்கம் பாதி கிழிந்த ஃப்ரேம் கடை லேபிள். அதில் ‘சி அண்ட் எம் ஸ்டேஷன், பெங்களூர்’ என்பது மட்டும் தெரிகிறது. உங்கள் சித்தப்பா இது மைசூர் ஓவியர் கே. வெங்கடப்பா வரைந்த ஊட்டிப் படம் என்கிறார். வியாபாரி ஒருவர் 35,000 தருகிறேன், சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்கிறார். கேள்வியில் ‘இது யார் வரைந்தது’ என்று இருந்தாலும், நீங்கள் கேட்க வந்தது ‘முப்பத்தைந்துக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் வயிறெரிய வேண்டியிருக்குமா’ என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமைக்குள் விற்க வேண்டாம். இது வெங்கடப்பா படமாக இருக்க வாய்ப்பு குறைவு என்றே நினைக்கிறேன். அப்படியும் விற்க வேண்டாம். படம் உங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கும், அவசரம் அதற்கில்லை. அந்தப் பங்களாதான் இந்த வாரத்தோடு காலியாகிறது. படத்துக்கு விலை ஏற்றக்கூடிய எல்லாம் அங்கே இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய மூன்று புகைப்படங்களை வைத்துக்கொண்டு யாராலும் ‘இது இன்னாருடையது’ என்று சொல்ல முடியாது. சொல்கிறவர் விற்கப் பார்க்கிறார் அல்லது வாங்கப் பார்க்கிறார். நீங்கள் வீட்டிலேயே இருபது நிமிடத்தில் உறுதிசெய்யக்கூடியது ஒன்று உண்டு: இது கையால் வரைந்ததா, அச்சா என்பது. நகை ஆசாரிகள் கண்ணில் வைத்துக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் நகரத்பேட்டையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதைக் கண்ணாடியின் மேலேயே வைத்து, முதலில் படத்தில் உள்ள வானத்தைப் பாருங்கள். எல்லோரும் கையெழுத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள், அது வீண். வெளிர் நிறம் இருக்கிற இடத்தில்தான் அச்சு தன்னைக் காட்டிக்கொடுக்கும். வரிசை தப்பாமல் சின்னச் சின்ன வட்டப் புள்ளிகள், பூப்போல் கூடிக்கூடி இருந்தால் அது ஆஃப்செட் அச்சு. ஒழுங்கில்லாமல் நீலம், சிவப்பு, மஞ்சள் பொடித் தூறலாகத் தெரிந்தால் இன்க்ஜெட். இப்போது நல்ல கெட்டியான வாட்டர்கலர் காகிதத்திலேயே இதை அடித்து, பழைய ஃப்ரேமில் போட்டு விற்கிறார்கள். புழு நெளிந்த மாதிரி நுண்ணிய கோடுகள் தெரிந்தால் கொலோடைப் என்ற பழைய அச்சு முறை. இதில் ஏமாறாத ஆள் குறைவு. கையால் பூசிய நீர்வண்ணத்தில் புள்ளியே இருக்காது. காகிதத்தின் பள்ளங்களில் நிறம் மண்டியாகத் தங்கியிருக்கும். பூச்சு காய்ந்த ஓரத்தில் ஒரு நூல் அளவுக்கு அடர்ந்த கோடு நிற்கும். மலையின் விளிம்பில் பென்சில் கோடு அடியில் ஓடும், அது வண்ணத்தோடு அங்கங்கே ஒட்டாமல் விலகியும் இருக்கும். நடுவில் ஒரு வகையும் உண்டு: கறுப்புக் கோடுகள் அச்சு, நிறம் மட்டும் கையால். கோடுகளை மட்டும் தனியாக ஒருமுறை லென்ஸில் பார்த்துவிடுங்கள்.

கையெழுத்து இருப்பதாலேயே அது கைவேலை ஆகிவிடாது. கோவில்பட்டி சி. கொண்டையராஜுவின் கையெழுத்து நம் தாத்தா வீட்டுக் காலண்டர் படங்களிலெல்லாம் இருந்தது. மூலப் படத்தில் அவர் போட்டது, சிவகாசியில் ஆயிரக்கணக்கில் அச்சானது. ரவி வர்மா ஓலியோகிராஃபுகளும் அப்படியே. வரைந்தவர் அவர்தான், உங்கள் கையில் இருப்பது அச்சு. பென்சிலில் ‘12/50’ என்று எண்ணும் கையெழுத்தும் ஓரத்தில் இருந்தால் அது ஓவியரே எண் போட்டு வெளியிட்ட பிரிண்ட். அதற்குத் தனிச் சந்தை, தனி விலை.

உங்கள் மூன்றாவது புகைப்படத்தில், ஏரிக்கரையில் வண்ணம் காய்ந்த அந்த அடர்ந்த ஓரம் தெரிகிறது என்று எனக்குப் படுகிறது. ஆகவே இது கைவேலை என்ற அனுமானத்தில் மேலே எழுதுகிறேன். லென்ஸ் வேறு சொன்னால் லென்ஸ் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காகிதம். இதற்கு ஃப்ரேமின் பின்பக்கத்தைத் திறக்க வேண்டும். திறப்பதற்கு முன், படம் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா என்று சாய்த்துப் பாருங்கள். ஒட்டிய இடம் ஈரம்பட்டதுபோல் பளபளவென்று கறுத்துத் தெரியும். அப்படி இருந்தால் கை வைக்காதீர்கள், கண்ணாடியோடு வண்ணமும் உரிந்து வந்துவிடும். ஒட்டவில்லை என்றால், சுத்தமான பருத்தித் துணியில் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்துப் பழுப்புத் தாளை ஃப்ரேம் ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை உள்ளே தள்ளி பிளேடால் கீறுங்கள். லேபிள் உள்ள பகுதியை முழுசாக எடுத்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். லேபிளை உரிக்க முயலவே வேண்டாம். பிறகு ஆணிகளைக் குறடால் மெதுவாகப் பிடுங்குங்கள். பிடுங்கும்போதே கவனியுங்கள்: ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் மரத்தில் துரு வட்டம் படிந்திருக்கிறதா, பக்கத்தில் ஆணியில்லாத வெறும் ஓட்டைகள் இருக்கின்றனவா? வெறும் ஓட்டை இருந்தால் இந்த ஃப்ரேமை ஒருமுறையாவது யாரோ திறந்திருக்கிறார்கள். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையின் ஜன்னல் படத்தின் மேல் விட்ட பழுப்புக் கோட்டையும் பாருங்கள். கோடும் ஜன்னலும் சரியாகப் பொருந்த வேண்டும். கோடு வேறு அளவில் இருந்தாலோ இரண்டு கோடு இருந்தாலோ, படம் முன்பு வேறு ஃப்ரேமில் இருந்தது என்று அர்த்தம். அது குற்றமில்லை, ஆனால் அந்த லேபிள் இந்தப் படத்துக்குச் சாட்சி சொல்லாது.

காகிதத்தை வெளியே எடுத்தபின், இருட்டறையில் அடியில் டார்ச் பிடித்து நீர்க்குறி தேடுங்கள். வாட்மன் போன்ற இங்கிலீஷ் காகிதங்களில் ஆலையின் பெயரும் சிலவற்றில் ஆண்டும் இருக்கும். அந்த ஆண்டுக்கு முன்னால் வரைந்திருக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம். பின்னால் எப்போது வேண்டுமானாலும் வரைந்திருக்கலாம். பழைய ஆல்பங்களிலிருந்து வெற்றுத் தாளைக் கிழித்து வரைவது போலி வேலையில் பழைய உத்தி. அடுத்து 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஊதா டார்ச்கள் பெரும்பாலும் 395. அவை எல்லாவற்றையும் ஊதாவாகவே காட்டும், உதவாது. காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாயின. ஆகவே 1934 என்று தேதி போட்ட காகிதம் அந்த வெளிச்சத்தில் சலவைச் சட்டைபோல் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் கதை அங்கேயே முடிந்தது. மங்கிய மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் ‘முரண் இல்லை’ என்று மட்டும் சொல்லலாம். மவுண்ட் அட்டை ஒளிர்ந்தால் பதற வேண்டாம், அது பின்னால் மாற்றியதாக இருக்கலாம். படத்தின் காகிதம்தான் முக்கியம்.

வண்ணங்களிலும் இப்படிக் காலக்கோடுகள் உண்டு. தாலோசயனின் நீலம் சந்தைக்கு வந்தது 1935 வாக்கில். டைட்டானியம் வெள்ளையின் ரூட்டைல் வகை 1940-ஐ ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் நீர்வண்ணக்காரர்கள் பயன்படுத்திய சைனீஸ் வொயிட் என்பது துத்தநாக வெள்ளை. 34-இல் வரைந்த படத்தில் அந்த நீலமோ ரூட்டைல் வெள்ளையோ இருந்தால் ஒன்று தேதி பொய், அல்லது பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஆனால் இதைக் கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது, கருவி வேண்டும். 7,500 ரூபாய்ப் படத்துக்கு முதல் வாரத்திலேயே ஆய்வகச் செலவு அதிகம். முதல் இரண்டு சோதனைகளும் தேறினால் பிறகு யோசிக்கலாம்.

லேபிள் உங்களுக்கு அதிர்ஷ்டம். சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்பது கன்டோன்மென்ட் பகுதி மைசூர் சமஸ்தானத்தில் சேராமல் ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்த காலத்துப் பெயர். 1947-இல் அது மைசூரிடம் திரும்பியது. 1949-இல் பழைய நகரமான பேட்டையும் கன்டோன்மென்டும் ஒரே மாநகராட்சி ஆயின. அச்சடித்து வைத்த லேபிள்கள் தீரும்வரை கடைக்காரர் ஒட்டியிருப்பார் என்று சில ஆண்டுகள் தள்ளிக் கொடுத்தாலும், ஃப்ரேம் கிட்டத்தட்ட 1950-க்கு முந்தியது. லேபிளின் மிச்சத் துணுக்கு உள்ளே விழுந்திருக்கிறதா என்று தேடுங்கள். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிறகு; கர்நாடகா என்று இருந்தால் 1973-க்குப் பிறகு. இப்படி ஒரு துண்டுக் காகிதம் ஒரு நிபுணர் கடிதத்தைவிட உழைக்கும். ஆனாலும் அது ஃப்ரேமுக்குத்தான் வயது சொல்கிறது. படத்துக்கும் அதே வயது என்று சொல்ல ஆணியும் மவுண்ட் கோடும் ஒத்துவர வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கையெழுத்து. ‘கே.வி.’ என்று பார்த்ததும் வெங்கடப்பா என்று தாவிவிடுகிறோம். தென்னிந்தியாவில் கே.வி. என்றால் பெரும்பாலும் ஊரும் அப்பாவும்தான் வந்திருக்கிறார்கள், ஆள் இன்னும் வரவில்லை. மங்கிப்போன இடத்தில்தான் அந்த ஆள் இருக்கிறார். அதை வெளியே கொண்டுவர, அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைக் காகிதத்தோடு ஒட்டினாற்போல் படுக்கவைத்து நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். பேனாவோ பென்சிலோ அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். தூரிகையில் போட்ட கையெழுத்துக்குப் பள்ளம் இருக்காது. அப்போது அதே போன் படத்தைச் சிவப்பு நிறம் மட்டும் தெரியும்படி எடிட் செய்து பாருங்கள், பழுப்புக் கறைக்குள் இருக்கும் மசி பல நேரம் பிரிந்து தெரியும். ‘34’-ஐயும் நம்பிவிடாதீர்கள். அந்த 3-இன் இடதுபக்கம் திறந்திருக்கிறதா, அல்லது தேய்ந்துபோன 8-ஆ? ஆண்டா, அல்லது யாரோ வீட்டுச் சாமானுக்குப் போட்ட வரிசை எண்ணா? கையெழுத்தின் மசியும் எண்ணின் மசியும் ஒன்றா என்று லென்ஸில் பார்த்தால் பாதி விடை கிடைக்கும்.

ஈரக்கறை உங்களுக்கு ஒரு நல்ல சோதனையைக் கொடுத்திருக்கிறது. காகிதத்தில் பசைப் பூச்சு ஒன்று உண்டு. மசி ஊறாமல் தடுப்பது அதுதான். ஈரம் பட்டு நாளானால் அந்த இடத்தில் பசை போய்விடும். அதற்குப் பிறகு அங்கே யாராவது எழுதினால், மசி பிளாட்டிங் பேப்பரில் எழுதியதுபோல் நாலாபக்கமும் முடி முடியாகப் பரவும். கறைக்கு முந்திய கையெழுத்து வேறு மாதிரி இருக்கும்: கோட்டின் விளிம்பு தெளிவாக இருந்து, கறை ஓடிய திசையில் மட்டும் நிறம் இழுபட்டிருக்கும். உங்கள் புகைப்படத்தில் இழுபட்ட மாதிரிதான் தெரிகிறது. ஆனால் போன் படத்தின் தெளிவில் இதை அடித்துச் சொல்ல மாட்டேன். கையெழுத்து பால்பாயின்ட் பேனாவில் இருந்தால் மட்டும் 1934 என்ற பேச்சே எடுக்க வேண்டாம். அந்தப் பேனா 1940-களில்தான் கடைக்கு வந்தது.

வெங்கடப்பா விஷயத்துக்கு வருகிறேன். 1886-இல் பிறந்து 1965-இல் மறைந்தவர். கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றார். நந்தலால் போஸ் உடன் படித்தவர். ஊட்டியையும் கொடைக்கானலையும் நீர்வண்ணத்தில் வரைந்த காலமும் உங்கள் ‘34’-க்கு ஒத்துப்போகிறது. சித்தப்பா சும்மா சொல்லவில்லை. இடிப்பது வேறு இடத்தில். அவர் படம் விற்றுப் பிழைத்த ஆள் இல்லை. படைப்புகளில் பெரும்பகுதி அரசு சேகரிப்புக்குப் போய், கஸ்தூரிபா சாலையில் அவர் பெயரிலேயே உள்ள கலைக்கூடத்துக்கு வந்துசேர்ந்தது. வெளியே சுற்றுகிற படங்கள் மிகக் குறைவு. அதனாலேயே வெளியே ஒன்று தென்பட்டால் சந்தை அதை இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பார்க்கும்.

மறுபக்கம், 1930-களில் ஊட்டியை நீர்வண்ணத்தில் வரைந்தவர்கள் எத்தனை பேர்! கன்டோன்மென்ட் அதிகாரிகளும் அவர்கள் மனைவிமாரும் கோடையில் பெட்டி வண்ணத்தோடு மலையேறினார்கள். மிஷன் பள்ளி டிராயிங் மாஸ்டர்கள் வரைந்தார்கள். மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைவராக இருந்த மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் பயின்றவர்கள் வரைந்தார்கள். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரே ஆரம்பத்தில் நீர்வண்ண நிலக்காட்சிதான் வரைந்தார். பெயர் தெரியாத படங்கள் எல்லாம் காலப்போக்கில் பக்கத்தில் இருக்கிற பெரிய பெயரோடு போய் ஒட்டிக்கொள்ளும். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் விளக்கைக் கையால் மறைத்து நிற்கும் பெண் படத்தை இன்றும் பாதிப் பேர் ரவி வர்மா என்பார்கள், வரைந்தவர் எஸ்.எல். ஹல்தங்கர். அரண்மனைச் சுவரில் தொங்கும் படத்துக்கே இந்தக் கதி.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் இணையத்துச் சின்னப் படங்களை வைத்துச் செய்யாதீர்கள். வெங்கடப்பா கலைக்கூடம் திறந்திருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொண்டு நேரில் போய் அசல்களின் முன் நில்லுங்கள். கையெழுத்தின் எழுத்து வடிவத்தை மட்டும் பார்த்தால் போதாது. மரக்கிளையை எப்படி முடிக்கிறார், தூரத்து மலையை எத்தனை பூச்சில் கொண்டுவருகிறார், வெள்ளைக்குக் காகிதத்தை விட்டுவைக்கிறாரா, வெள்ளை வண்ணம் பூசுகிறாரா என்று பாருங்கள். எழுத்தைப் போலி செய்வது எளிது. இந்தப் பழக்கங்களைச் செய்வது கடினம். பெங்களூரில் இன்னொரு வசதி, குமாரகிருபா சாலைச் சித்ரகலா பரிஷத் வளாகத்தில் உள்ள, பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் கலைப்பொருள் பாதுகாப்பு மையம். காகிதப் படங்களைக் கையாளத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். கறை, பூஞ்சை, காகிதத்தின் நிலைமை பற்றி அவர்களிடம் கேட்கலாம். விலை கேட்காதீர்கள், அது அவர்கள் வேலை இல்லை. அருங்காட்சியகங்களும் தனியார் படத்துக்கு விலை போட்டுக் கொடுப்பதில்லை. ‘அசல் சான்றிதழ்’ என்று கடைகள் லேமினேட் செய்து தருகிறதே, அதற்கு அந்தக் கடை வாசலைத் தாண்டி மதிப்பில்லை.

இனி விலை. ஒரு படத்துக்கு ஒரே விலை என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம். வியாபாரி உங்களுக்குக் கொடுப்பது ஒரு விலை, அதே படத்தை அவர் விற்பது வேறு விலை; அவர் கொடுப்பது விற்பதில் பாதிக்கும் கீழே இருப்பது சகஜம், அவருக்கும் கடை வாடகையும் மாதக்கணக்கில் முடங்கும் பணமும் உண்டு. ஏலத்தில் சுத்தியல் விழும் விலை ஒன்று. செய்தியில் வருவது பெரும்பாலும் வாங்குபவர் கட்டும் கமிஷனும் சேர்ந்த தொகை. அதில் விற்பவர் கைக்கு வருவது, சுத்தியல் விலையிலிருந்து அவர் தரப்புக் கமிஷன், காப்பீடு, போட்டோ செலவு எல்லாம் கழித்த மிச்சம்.

உங்கள் படத்துக்கு மூன்று வழி இருக்கிறது. பெயர் தெரியாத நல்ல நீர்வண்ணம் என்று நின்றால், சுவருக்கு அழகு என்ற கணக்கில் சில ஆயிரத்திலிருந்து சில பத்தாயிரம். அந்த வழியில் 35,000 நல்ல விலையே. வியாபாரியைத் திருடன் என்று நினைக்க வேண்டாம். மங்கிய பெயர் தெளிந்து, அவர் ஏலப் பதிவுகளில் உள்ள ஒரு சின்ன ஓவியர் என்று தெரிந்தால் அதற்கு மேலே போகலாம். அவருடைய பழைய ஏல விலைகள்தான் அளவுகோல். வெங்கடப்பாவே என்று நிலைநின்றால் விஷயம் லட்சக்கணக்குக்குப் போய்விடும், என்ன எண் என்று இங்கிருந்து சொல்வது ஜோசியம். ஆனால் காகிதச் சான்று இல்லாமல் எந்த ஏல நிறுவனமும் அவர் பெயரை நேராகப் போடாது. ‘அட்ரிபியூட்டட் டு’ என்று போட்டால் ‘இருக்கலாம் என்று நினைக்கிறோம்’. ‘பேரிங் த சிக்னேச்சர்’ என்று போட்டால் ‘பெயர் இருக்கிறது, கை அவருடையதா தெரியாது’. அந்த ஒரு சொல்லில் விலை பல மடங்கு இறங்கும்.

காகிதச் சான்று என்ன செய்யும் என்பதற்கு அண்மை உதாரணம், 2025 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 1.38 கோடி டாலருக்குப் போன, ஓவியர் எம்.எஃப். ஹுசேனின் ‘கிராம் யாத்ரா’. 1954-இல் உலக சுகாதார நிறுவன வேலையாக டெல்லி வந்த ஒரு டாக்டர் வாங்கினார், அவரிடமிருந்து 1964-இல் ஆஸ்லோ மருத்துவமனைக்குப் போனது, அங்கேயே இருந்தது. நடுவில் ஒரு கண்ணிகூட அறுபடவில்லை. அந்தத் தொகையைப் பார்த்து உங்கள் படத்துக்குக் கணக்குப் போடாதீர்கள், அந்தத் தொடர்ச்சியை மட்டும் பாருங்கள்.

செய்ய வேண்டியது: முழுப் படம் நேராக, நான்கு மூலை, அளவுகோல் வைத்துக் கையெழுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று, பின்பக்கம் முழுதும், லேபிள், நீர்க்குறி. இவற்றை மும்பையில் உள்ள சாஃப்ரன்ஆர்ட், அஸ்டாகுரு, புண்டோல்ஸ் போன்ற ஏல நிறுவனங்களில் இரண்டுக்காவது அனுப்புங்கள். உத்தேச மதிப்பீட்டுக்குப் பொதுவாகக் கட்டணம் இருக்காது. கடிதத்தில் ‘வெங்கடப்பா’ என்று எழுதாதீர்கள், ‘கே.வி. என ஆரம்பிக்கும் கையெழுத்துள்ள நீர்வண்ணம்’ என்று மட்டும் எழுதுங்கள். அந்தப் பெயரை அவர்களாகவே சொன்னால் அதற்கு எடை அதிகம். ஏலத்தில் போடச் சம்மதிக்கும் முன் குறைந்தபட்ச விலை, விற்காமல் போனால் கட்டணம், திரும்பப் பெற்றால் அபராதம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அவசரப்பட்டு அதிக விலை வைத்து விற்காமல் திரும்பிய படத்தின் பதிவு இணையத்தில் அப்படியே நிற்கும். அடுத்து வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். நீங்களே யாருக்காவது விற்றாலும் பில்லில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். வெங்கடப்பா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் நாளை அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்.

சட்டம் சுருக்கமாக. ஓவியம் நூறு வயதைத் தொட்டால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும், வெளிநாட்டுக்கு விற்க முடியாது. உங்களுடையது நிஜமாகவே 1934 என்றால் இன்னும் அந்தக் கோட்டுக்கு வரவில்லை. வயதைப் பார்க்காமல் வெளிநாடு போகத் தடையுள்ள ஒன்பது ஓவியர்களின் பட்டியலில் ரவி வர்மா, நந்தலால், ஜாமினி ராய் எல்லாம் உண்டு, வெங்கடப்பா இல்லை. வரி விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். வீட்டுச் சாமான் விற்றால் வரி இல்லை என்பது ஓவியத்துக்குப் பொருந்தாது. வாங்கி 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேரும். அதற்குப் பிறகு என்றால் 12.5 சதவீதம். ஓவியத்தைச் சந்தை மதிப்பைவிட 50,000 ரூபாய்க்கு மேல் குறைத்து வாங்கினால் அந்த வித்தியாசமே வருமானமாகக் கருதப்படும் என்றும் ஒரு விதி இருக்கிறது. பெரிய பெயர் உறுதியானால் முதலில் ஆடிட்டரைப் பாருங்கள்.

அதுவரை படத்தை வெயிலில் காயவைக்காதீர்கள். ரொட்டியாலோ அழிரப்பராலோ தேய்க்காதீர்கள். ஃப்ரேம் கடையில் ‘லேமினேஷன் போட்டால் நூறு வருஷம் வரும்’ என்பார்கள். போட்ட நிமிடமே விலை பூஜ்யம். மழைக்காலத்தில் வெளிச்சுவரில் மாட்டினால் பூஞ்சை வரும், பழைய பசைக்கு ராமபாணப் பூச்சி வரும். அமிலமில்லாத தாளில் சுற்றி, பீரோவில் படுக்கையாக வையுங்கள், மேலே எதையும் அடுக்காமல்.

இப்போது அந்தப் பங்களா. நாளைக்கே போங்கள். வாரிசுகள் யாராவது இருந்தால் ஒரு கடிதம் வாங்குங்கள்: தேதி, வீட்டு முகவரி, படத்தின் அளவும் விவரமும், எந்த அறையில் மாட்டியிருந்தது, யார் காலத்திலிருந்து, யார் வாங்கியது அல்லது யார் கொடுத்தது, உங்களுக்கு என்ன விலைக்கு விற்றார்கள். ‘தெரியாது’ என்றால் தெரியாது என்றே எழுதட்டும்; நேர்மையான ‘தெரியாது’ புனைந்த கதையைவிட மேல். கடிதத்தின் பின்னால் படத்தின் போட்டோவை ஒட்டி, அதன் மேல் ஓரத்தில் அவர் கையெழுத்துப் படியுமாறு செய்யுங்கள். படம் தொங்கிய சுவரில் வெளுக்காத சதுரம் இன்னும் இருக்கும், அளந்து போட்டோ எடுங்கள். இதே கையெழுத்தில் வேறு படம் விற்றார்களா, யார் வாங்கினார்கள் என்று கேளுங்கள். இரண்டாவது படத்தில் பெயர் மங்காமல் இருக்கலாம். அங்கே வேலை பார்த்த வயதானவர் யாரேனும் இருந்தால் அவரிடமும் பேசுங்கள், வாரிசுகளைவிட அவருக்குத்தான் எந்தப் படம் எங்கே தொங்கியது என்று தெரியும். கடைசியாக, பழைய பேப்பர்க்காரருக்கு என்று மூலையில் கட்டி வைத்திருக்கும் மூட்டைகளை அவிழ்த்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஃப்ரேம் கடை ரசீது, கண்காட்சி அழைப்பிதழ், கடிதங்கள் எல்லாம் அதில்தான் போகும். குடும்ப ஆல்பங்கள் கிடைத்தால் ஆட்களின் முகத்தை விட்டுவிட்டு, அவர்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள்.